பனை உயரத்து அலை

இந்த வருஷக் கோடை லீவில் திருமயத்தை விட்டு ஓர் அடிகூட வெளியே வைப்பதில்லை என்று குழந்தைசாமி வாத்தியார் பங்குனி மாதமே தீர்மானம் போட்டுவிட்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நயா பைசா வந்த புதுசு. பஸ்ஸில் கண்டக்டரும் ஜனங்களும் சில்லறைக்காகத் தினம் ஒரு பஞ்சாயத்து நடத்திக்கொண்டிருந்த வருஷம். கத்திரி வெயிலில் கோட்டைப் பாறை பகலெல்லாம் சூட்டை வாங்கிச் சேர்த்து, பொழுது சாய்ந்ததும் ஊருக்கே பங்கு வைக்கும். மத்தியானத்தில் கடைத்தெருவே கண் மூடிக் கிடக்க, நன்னாரி சர்பத்துக் கடையில் கண்ணாடி டம்ளரைக் கரண்டி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்திலேயே பாதித் தாகம் தீர்ந்துவிடும். இப்போது எத்தனை விதமான குளிர்பானம் வந்துவிட்டது, அந்தச் சத்தம் எதிலும் இல்லை.

பள்ளிக்கூடம் பூட்டியாகிவிட்டது. பிள்ளைகள் இரண்டும் குளத்தூரில் தாத்தா வீட்டில். வாத்தியாருக்கு வேண்டியதெல்லாம் ஒரு கோரைப்பாய், ஒரு ஈரத்துண்டு, கைக்கெட்டும் தூரத்தில் பொடி டப்பா. அவர் மனைவி சொர்ணவல்லிக்கு வேண்டியது கடல்.

"ஏங்க, இந்த லீவுலயாவது கோட்டைப்பட்டணம் போயிட்டு வருவமா?"

வருஷம் தவறாமல் கத்திரி பிறந்ததும் இந்தக் கேள்வியும் பிறந்துவிடும். கல்யாணம் ஆன முதல் கோடையில், ஊரில் பேதி பரவுகிறது என்றார் வாத்தியார். அடுத்த வருஷம் பஸ் முதலாளிக்கும் டிரைவருக்கும் தகராறு என்றார். இன்னொரு வருஷம் தன் அப்பாவின் திவசத்தை ஒரு மாதம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்தார். புரோகிதர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தனை பாடும் எதற்கு என்றால், அதற்குக் காரணம் அவருடைய வாய்தான். பெண் பார்க்கக் குளத்தூருக்குப் போன அன்று, கேசரி சாப்பிட்டு முடித்த கையோடு, "மாப்பிள்ளை என்ன பாடம் எடுக்குறீங்க?" என்று பெண்ணின் தகப்பனார் மரியாதைக்குக் கேட்டார். பூகோளம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஒரு வார்த்தையில் முடிக்கிற வழக்கம் குழந்தைசாமிக்குக் கிடையாது. பூகோளத்திலிருந்து சமுத்திரத்துக்குப் போனார். சமுத்திரத்திலிருந்து கோட்டைப்பட்டினத்துக்கு வந்தார். அங்கே கடலில் தான் நீந்திய கதையை எடுத்துவிட்டார்.

"பனை உயரத்துக்கு அலை. ஒண்ணு என்னைத் தூக்கிக்கிட்டுப் போயிருச்சு. உச்சியிலேருந்து பாக்குறேன், அந்தா இலங்கையில ஒருத்தன் வேட்டி காயப்போடுறான்."

வந்திருந்த சனமெல்லாம் வாயைப் பிளந்தது. பெண்ணின் தகப்பனார் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். கதவிடுக்கில் நின்ற பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று குழந்தைசாமி இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

உண்மை என்னவென்றால், அவர் கடலைக் கண்ணால் கண்டதே இல்லை. படிப்பு புதுக்கோட்டை, டிரெய்னிங் திருச்சி, வேலை திருமயம். அவர் பார்த்த கடலெல்லாம் பள்ளிக்கூடத்து மேப்பில் பூசியிருந்த நீல மைதான். நீச்சலும் தெரியாது. ஊருணியில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் திருமயத்துப் பெருமாளைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். ஆனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பேர் 'கடல் வாத்தியார்'. அவர் அலையைப் பற்றிப் பாடம் நடத்தினால் முதல் பெஞ்சுக்காரன் காலைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கோட்டைப்பட்டினம் போனால் சொர்ணவல்லி கரையில் உட்கார்ந்துகொண்டு, எங்கே ஒரு அலையில் ஏறிக் காட்டுங்கள் என்பாள். கட்டின பெண்டாட்டியிடம் இத்தனை வருஷம் காப்பாற்றிய மரியாதை ஒரே முங்கலில் போய்விடும். 

இந்த வருஷம் அவர் புதிய ஆயுதம் ஒன்றை எடுத்தார். பஞ்சாங்கம்.

"போகலாம் சொர்ணம். நானா வேண்டாங்குறேன்? நாள் நல்லா இருக்கணும்ல" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"திங்கக்கெழமை போவமா?"

"கெழக்கே சூலம்."

"ஒரு வாய் தயிரு சாப்பிட்டுக் கெளம்புனா தோசமில்லைன்னு சொல்லுவாங்களே."

"கத்திரியில தயிரு புளிச்சுப்போகும். புளிச்ச தயிருக்குச் சூலம் மசியாது."

"செவ்வாக்கெழமை?"

"செவ்வாக்கெழமை யாராச்சும் பயணம் கெளம்புவாங்களா?"

"அப்ப வியாழக்கெழமை."

"தெக்கே சூலம்."

"கோட்டைப்பட்டணம் கெழக்கதானங்க இருக்கு?"

வாத்தியார் எழுந்துபோய் மேப்பை எடுத்து வந்து விரித்தார். குச்சியால் தொட்டுக் காட்டினார். "கெழக்கயும் இருக்கு, தெக்கயும் இருக்கு. தென்கெழக்குன்னு பேரு. ரெண்டு சூலமும் பிடிக்கும்."

வெள்ளிக்கிழமை வீட்டில் விளக்கேற்ற ஆள் வேண்டும். சனிக்கிழமை மறுபடி கிழக்கே சூலம். ஞாயிற்றுக்கிழமை போகிற நேரம் சரி, திரும்புகிற நேரம் ராகுகாலம். மிச்சம் புதன். லீவில் பாக்கியிருந்த புதன்களில் ஒன்றை அஷ்டமி கொண்டுபோயிற்று, ஒன்றைக் கரிநாள் கொண்டுபோயிற்று. கடைசியில் ஒரே ஒரு புதன் தப்பிப் பிழைத்து நின்றது.

"வர்ற புதன் தங்கமான நாளு. ஒரு குத்தம் சொல்ல முடியாது. அன்னைக்கே போயிருவோம்" என்றார் வாத்தியார் பெருந்தன்மையாக.

அன்றைக்குத் தெருவின் கீழ்க்கோடி வீட்டில் பிச்சையம்மாள் பேத்திக்குக் காதுகுத்து. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"அன்னைக்குக் காதுகுத்துல்ல" என்றாள் சொர்ணவல்லி.

"அடடே, மறந்தே போனேன். போகாம இருந்தா பிச்சையம்மாக்கா ஏழேழு சென்மத்துக்கும் பேசாதே." வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடினார். "சரி விடு. அடுத்த வருசம் பாப்போம்."

சொர்ணவல்லி கோபித்துக்கொள்ளவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. "புதங்கெழமை காலையில நல்ல நேரம் எப்பங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"ஏழரைக்குள்ள. எதுக்கு?"

"காதுகுத்துக்கு நேரத்தோட போகணும்ல."

இதைவிட அடக்கமான மனைவி ஒருவருக்கு வாய்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டே வாத்தியார் ஈரத்துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தார்.

புதன்கிழமை காலையில் சொர்ணவல்லி பெரிய துணி மூட்டை ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள்.

"இதைக் கொஞ்சம் தூக்கிட்டு வாங்க. எனக்கு இடுப்பு வலிக்குது."

"என்ன இது, இம்புட்டுக் கனம்?"

"துணிமணிதான்."

காதுகுத்துக்குச் சீர் செய்கிறாள் போலிருக்கிறது என்று வாத்தியார் தோளில் ஏற்றிக்கொண்டார். "வலது காலை எடுத்து வச்சு எறங்குங்க" என்றாள். இறங்கினார். கிழக்கே பார்த்து நடந்தார். பிச்சையம்மாள் வாசலிலேயே நின்று மூட்டையை இரண்டு கையாலும் வாங்கி, சாமி மாடத்துக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு மஞ்சள் துண்டைப் போட்டாள். நல்ல மரியாதை தெரிந்த பொம்பிளை என்று வாத்தியாருக்குத் தோன்றியது. காதுகுத்துச் சாப்பாட்டில் பாயசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து கொடியைப் பார்த்தார். நேற்றுப் போட்ட சட்டை வெளுக்கப் போயிருந்தது, கொடி மொட்டையாக இருந்தது. பெட்டியைத் திறந்தார். அந்துருண்டை உருண்டது.

"சொர்ணம், என் சட்டையெல்லாம் எங்க?"

"பிச்சையம்மாக்கா வீட்டுல."

"அங்க எதுக்குப் போச்சு?"

"நீங்கதான தூக்கிட்டுப் போனீங்க." சொர்ணவல்லி கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னாள். "பரஸ்தானம் வச்சிருக்கு."

வாத்தியார் அப்படியே முக்காலியில் உட்கார்ந்தார். பரஸ்தானம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போக வேண்டிய நாள் சரியில்லையா, அதற்கு முன்னாலே ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிற திக்கிலுள்ள ஒரு வீட்டில் பயண மூட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். வைத்தால் பயணம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எந்த நாளில் போனாலும் சூலமும் இல்லை, கரிநாளும் இல்லை. ஒரே ஒரு கட்டு உண்டு. வெளியே போன மூட்டை, போக வேண்டிய ஊருக்குப் போய்விட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

"என் துணியை மட்டும் ஏன் வச்சே? ஒன் சேலை ஒண்ணு வச்சாப் போதாதா?"

"குடும்பத் தலைவர் நீங்கதான. உங்களுக்குச் சூலம் படக்கூடாதுல்ல."

"ஒரு சட்டை, ஒரே ஒரு சட்டையை எடுத்துட்டு வந்துரு. கடைத்தெருவுக்குப் போகணும்."

"வச்ச பயணத்தைத் திருப்புனா குடும்பத்துக்கு ஆகாதுங்க. பஞ்சாங்கத்துல கடைசிப் பக்கத்துல போட்டிருக்கு. நீங்க சூலம் பாக்குறப்ப நானும் பாத்தேன்."

வாத்தியார் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். போட்டிருந்தது. மூக்கு நமைத்தது. மடியிலிருந்த பொடி மட்டை நேற்றோடு தீர்ந்திருந்தது, பொடி டப்பாவுக்குக் கை நீட்டினார். அதையும் காணோம்.

இடுப்பில் பழைய நாலு முழம், மேலே துண்டு. சட்டையில்லாமல் கடைத்தெருவுக்குப் போகிற வாத்தியார் அந்தக் காலத்துத் திருமயத்தில் கிடையாது. சுவரோரமாகவே நடந்து கீழ்க்கோடி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

"அக்கா, ஒரு உதவி."

"சொல்லுங்க வாத்தியாரே."

"மூட்டைக்குள்ள என் பொடி டப்பா இருக்கு. மூட்டையை எடுக்க வேணாம். சும்மா ஓரத்துல கையைவிட்டு ஒரு சிமிட்டா..."

பிச்சையம்மாள் மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "பரஸ்தானத்துல கையை விடுறதா? படிச்சவுக பேசுற பேச்சா இது? எம் பேத்தி காது குத்துன வீடு இது. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

"ஒரே ஒரு சிமிட்டாக்கா."

"கோட்டைப்பட்டணம் போயி ஆத்திரந்தீரப் போடுங்க. அதென்ன வாத்தியாரே, இங்கிருந்து நாலு மணி நேரம். பனை உயரத்து அலைக்கே பயப்படாத ஆளு, பஸ்ஸுக்கா பயப்படுறீங்க? சொர்ணம் சொல்லிச் சொல்லி நம்ம தெருவுக்கே அந்தக் கதை மனப்பாடம்."

மத்தியானம் மூக்கு நமைத்தது. சாயங்காலம் கண்ணும் நமைத்தது. வெள்ளிக்கிழமை தபால்காரர் வந்தபோது அண்டாவுக்குப் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. விளக்கு வைத்ததும் வாத்தியார் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்குச் சனிக்கெழமை. கெழக்கே சூலம்" என்றார் கடைசி நம்பிக்கையாக.

"நம்ம பயணம்தான் புதங்கெழமையே கெளம்பிருச்சே" என்றாள் சொர்ணவல்லி.

சனிக்கிழமை விடிந்ததும் துண்டோடு போய், பிச்சையம்மாள் வீட்டிலேயே சட்டையும் வேட்டியும் மாற்றிக்கொண்டு, ரெண்டு சிமிட்டாப் பொடியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பயணம் புறப்பட்டார் கடல் வாத்தியார். தோளில் அதே மூட்டை, கையில் ஒரு கூஜாத் தண்ணீர். தூக்குச்சட்டியில் காலைக்குக் கொஞ்சம் புளியோதரை.

"மத்தியானத்துக்கு?"

"அங்கிட்டுப் போயிப் பாத்துக்கலாம்."

அறந்தாங்கியில் பஸ் மாறினார்கள். அந்தக் காலத்து பஸ் ஒரு தனி உலகம். முன்னால் ஒருத்தர் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றுவார். பஸ் கிளம்புமா கிளம்பாதா என்று உள்ளே இருக்கிற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். கிளம்பியதும் தாங்களே தள்ளிவிட்ட மாதிரி ஆளுக்கு ஆள் சிரிப்பார்கள். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, படுதாதான். கருவாட்டுக் கூடையும் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சொந்தக் கதை பேசிக்கொண்டு போவார்கள்.

கண்டக்டர் இருளாண்டி டிக்கெட் கிழிக்க வந்தவர், "அக்கா, நீங்க சொல்லிவிட்ட சேதியைச் சேத்துட்டேன்" என்றார்.

"நல்லதுப்பா" என்றாள் சொர்ணவல்லி.

சீட்டுப் பிடித்து வைக்கச் சொல்லியிருப்பாள் என்று வாத்தியார் அதில் கவனம் வைக்கவில்லை. அவர் கவலை அவருக்கு. நீந்தாமல் தப்பிக்கக் காரணம் தயார் செய்துகொண்டிருந்தார். மாகாணி, அரைக்கால் வாய்ப்பாடு மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சளி. குதிகால் சுளுக்கு. அமாவாசை நெருங்குகிறது. இரண்டு மூன்று தடவை இருமியும் பார்த்தார். "புழுதி" என்று சொல்லி சொர்ணவல்லி படுதாவை இறக்கிவிட்டாள்.

கோட்டைப்பட்டினத்தில் இறங்கியபோது உச்சி வெயில். காலடியில் மணல் சுட்டது. பனைகளுக்கு நடுவே ஒரு தடம் போயிற்று. வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். அலைச் சத்தம் ஒரு மைலுக்குக் கேட்கும் என்று அவரே பாடம் எடுத்திருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை.  முன்னால் போன சொர்ணவல்லி யாரிடமும் வழி கேட்கவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

பனைகள் முடிந்தன. எதிரே தண்ணீர். தகடு விரித்த மாதிரி அசையாமல் கிடந்தது. ஓரத்தில் இரண்டு கொக்கு நின்றன. முழங்கால் ஆழத்தில் ஒருவர் வலையைச் சுருட்டிக்கொண்டு நடந்து போனார்.

வாத்தியாருக்கு உயிர் வந்தது. கடல் இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது.

"பரவாயில்லையே, இந்தக் கோடையிலயும் கண்மாய்ல தண்ணி கெடக்கே" என்றார்.

சொர்ணவல்லி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கண்மாயா?"

"பின்னே? நல்ல பெரிய கண்மாய். கடல் இதுக்கும் அங்கிட்டு இருக்கும். அலைச் சத்தமே கேக்கலையே, இன்னும் ரெண்டு மைலாவது போகணும்."

"அக்கரை தெரியலையேங்க."

"நெறைஞ்ச கண்மாய்க்கு அக்கரை எப்படித் தெரியும்? புதுக்கோட்டையில கவிநாட்டுக் கண்மாய் பெருகுன வருசம் நான் பாத்திருக்கேன். இதேதான்."

"அந்தா பாய்மரம் போகுதே."

"மீன் குத்தகை எடுத்தவன் வச்சிருப்பான். வசதியான ஆளு போலருக்கு."

சொர்ணவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வெயில் தாங்கவில்லை என்று வாத்தியார் எண்ணிக்கொண்டார். "வெயிலு கண்ணைக் கட்டுதுங்க. மொகத்தைக் கழுவிக்கிட்டு, வாயைக் கொப்புளிச்சுக்கங்க. அப்புறம் கடலுக்குப் போவோம்" என்றாள்.

மூட்டையையும் கூஜாவையும் அவளிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வாத்தியார் தைரியமாக இறங்கினார். கண்மாய்தானே. இரண்டு கையும் சேர்த்து அள்ளி, வாய் நிறைய ஊற்றிக்கொண்டார்.

கன்னம் உப்பியபடி அப்படியே நின்றார். துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. எதிரே பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் கரை இல்லை. இத்தனை வருஷமாகக் குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டிய நீலம், மேப்பை விட்டு இறங்கி வந்து அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இவ்வளவு பெரிசா, இவ்வளவு பெரிசா என்று மனசு சின்னப் பிள்ளையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கரிக்குதா?" என்றாள் சொர்ணவல்லி கரையிலிருந்து.

வாத்தியார் துப்பினார். "அலை?" என்று ஈனக்குரலில் கேட்டார்.

"இந்தக் கடல்ல அலை கெடையாதுங்க. கோடையில எப்பவும் இப்படித்தான் கெடக்கும்."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கய்யா இங்கினதான் ஒரு மளிகைக் கடையில கணக்கெழுதிக்கிட்டு இருந்தாரு. பத்து வயசு வரைக்கும் நான் இந்தத் தண்ணியிலதான் கெடந்தேன். அந்தா, நீங்க நிக்கிற எடத்துலதான் நண்டு பிடிப்போம்."

பெண் பார்க்கப் போன அன்று வெற்றிலைத் தட்டைப் பார்த்த மாமனாரும், கதவிடுக்குச் சிரிப்பும், ஒன்றன்பின் ஒன்றாக வாத்தியாருக்கு ஞாபகம் வந்தன. காது சூடாயிற்று.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க? பேசிக்கிட்டேல்ல இருக்கீங்க."

"கடலைப் பாக்கணும், பாக்கணும்னு வருசா வருசம் என் உசுரை எடுத்தியே. அப்புறம் எதுக்கு?"

"நான் பாத்ததுதாங்க." சொர்ணவல்லியும் மூட்டையைக் கரையில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூஜாவோடு தண்ணீருக்குள் வந்து அவர் பக்கத்தில் நின்றாள். "பிள்ளைகளுக்கெல்லாம் கடலு கடலுன்னு பாடம் எடுக்குறீங்க. நீங்க பாத்ததில்லையேன்னுதான் எனக்கு மனசு கேக்கலை."

குழந்தைசாமிக்கு மனைவியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வலைக்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் கையிலிருந்த கூஜாவைப் பிடித்துக்கொண்டார்.  ஒரு சின்ன அலை, உள்ளங்கை உயரம்கூட இருக்காது, வந்து அவர் காலை நனைத்துவிட்டுப் போயிற்று.

"ஊர்ல யார்கிட்டயும்..." என்று மெல்ல ஆரம்பித்தார்.

"பனை உயரத்துல ஒண்ணு வந்துச்சு, அதுல ஏறிட்டாருன்னு சொல்லிர்றேன். வாங்க, நேரமாச்சு. எங்கூட நண்டு பிடிச்ச சேக்காளி செவந்தி வீடு பக்கத்துலதான். கண்டக்டர்கிட்டச் சொல்லிவிட்டிருந்தேன், சோறாக்கி வச்சுக்கிட்டுக் காத்திருப்பா" என்று கரையேறினாள் சொர்ணவல்லி.

"என்ன கொழம்பு?" என்று பேச்சை மாற்றினார் வாத்தியார்.

"மீன் கொழம்புதாங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "கண்மாய் மீனு."